காட்டில் தொலைந்தவளும் தேடிப் போனவளும்

கேள்வி: அடர்ந்த காட்டில் காணாமல் போன தங்கையை அக்காள் தேடிச் செல்வதாக ஒரு மர்ம நாவல் எழுதி வருகிறேன். அக்காள் மனநோயாளி, கொன்றவளே அவள்தான், அது அவளுக்கே நினைவில்லை என்று கடைசி அத்தியாயத்தில் வெளிப்படுத்த எண்ணம். சரியாக வருமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. முந்நூறு பக்கங்கள் துப்புகளைப் பின்தொடர்ந்து வந்த வாசகரிடம் 'அவளுக்கு மனநோய்' என்று சொல்வது விடையாகாது. நோயின் பெயர் ஒரு கொலைக்குக் காரணமாகிவிடாது. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. பிறரால் தாக்கப்படும் ஆபத்துதான் அவர்களுக்கு அதிகம். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற சொல்லைக் கேட்டதும் ஓர் உடலுக்குள் இரண்டு ஆட்கள் என்று பலர் தவறாக நினைத்துக்கொள்வதற்கு இப்படிப்பட்ட கதைகளும் காரணம். உங்கள் வாசகர்களிலேயே அந்த நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு அன்றாட வேலைகளைப் பார்ப்பவர் ஒருவர் இருக்கக்கூடும் என்பதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

மர்மத்துக்குக் காடே போதும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஜெர்மனியின் பீன்வால்ட் காட்டில் நேராக நடக்கச் சொல்லப்பட்டவர்களில், மேகமூட்டத்தில் நடந்த நால்வரும் வட்டமடித்தார்கள். அவர்களில் மூவர் தாம் முன்பு கடந்த தடத்தையே, அறியாமல், மீண்டும் மீண்டும் கடந்தார்கள். நல்ல மனநலம் உள்ளவருக்கே இந்த நிலை. குளிரில் உடல் வெப்பம் மிகவும் குறைந்துபோனவர்கள், சுருங்கியிருந்த தோலின் இரத்தக்குழாய்கள் திடீரென விரிவதால் உடம்பு எரிவதாக உணர்ந்து, உடுத்திய ஆடைகளைக் களைந்துவிடுவதும் உண்டு. ஓடைக்கரையில் தங்கையின் மேலங்கி கிடந்தால், தேடுபவர்கள் அதை வன்முறையின் அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அங்கே குளிரைத் தவிர வேறு எவரும் வந்திருக்க மாட்டார்கள்.

அக்காளைக் கொலையாளியாக்குவதைவிட, நம்பப்படாத சாட்சியாக்குங்கள். அவள் முன்பு மருத்துவமனையில் இருந்தவள் என்று தெரிந்ததும் விசாரணை அதிகாரி குறிப்பேட்டை மூடிவைக்கிறார். மூன்று இரவுகள் தூங்காத அவள், மரக்கிளையில் தங்கையின் கையுறையைக் காண்கிறாள். நேற்று அடையாளத்துக்காகத் தானே மாட்டிவிட்டுப் போனதோ என்று தடுமாறுகிறாள். அதைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்க்கிறாள்: ஈரமில்லை, ஆனால் இரவெல்லாம் மழை. அவள் தன்னை நம்புவாளா என்ற அந்த ஒரு கணத்தில், நோயும் மர்மமும் ஒன்றையொன்று ஏமாற்றாமல் சேர்ந்து நிற்கின்றன.

கேள்வி: தங்கை கிடைத்தாளா என்பதைச் சொல்லாமலே முடிக்கலாமா?

பதில்: முடிக்கலாம், ஆனால் அந்தத் தெரியாமை வீட்டாரை என்ன செய்கிறது என்பதைக் காட்டிவிட்டு முடியுங்கள். இறந்தாரா, இருக்கிறாரா என்று தெரியாத இழப்பைத் தனிவகைத் துயரமாக 1970களில் ஆராய்ந்து பெயரிட்டவர் அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ். அழுதால் அவளைக் கைவிட்டதாகிவிடும், அழாமலும் இருக்க முடியாது என்ற நிலை அது. அவளுடைய கைப்பேசி எண்ணுக்குத் தாய் மாதந்தோறும் பணம் கட்டிவருவதை ஒரு பத்தியில் எழுதினாலே போதும்.