ஆமெனுக்குப் பிறகு ஒரு வரி

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் பிறந்து வளர்ந்தது மதுரை பசுமலை, சி.எஸ்.ஐ. குடும்பம், அதாவது புராட்டஸ்டன்ட். வாழ்க்கைப்பட்டு வந்தது இதே மதுரையில் கே.புதூரில் ஒரு ஆர்.சி., அதாவது கத்தோலிக்க வீடு. பதிமூன்று வருடம் ஓடிவிட்டது. அத்தை நல்லவர்கள், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு செபமாலை. நானும் உட்காருவேன். இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபம் வரும்போது அவர்கள் "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும், ஆமென்" என்று முடித்துவிடுவார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்து வாயில் இருப்பது "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே" வரைக்கும். சத்தமில்லாமல் உதட்டுக்குள் சொல்லிக்கொள்வேன். போன திங்கட்கிழமை, ஆறாவது படிக்கிற மகள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "பாட்டி ஆமென் சொன்னப்புறம் நீ மட்டும் ஏம்மா இன்னும் பேசிக்கிட்டே இருக்க?" யாரும் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த வரியை நிறுத்திவிட்டேன்.

இந்த வாரம் அரையாண்டுப் பரீட்சை வேறு. கணக்கு, அறிவியல், அதற்கு நடுவில் அதிரசத்துக்கு மாவு, திரைத்துணி துவைப்பது, ராத்திரி பதினோரு மணிக்குக் கேரல் ரவுண்ட்ஸ் வந்தால் எழுந்து காபி போடுவது. கிறிஸ்துமஸுக்கு 24 ராத்திரி இங்கே பூசை. 25 விடியற்காலை பசுமலையில் ஆராதனை. அம்மா இந்த ஆவணியில் தவறிவிட்டார்கள், அப்பா தனியாகத்தான் போவார். நான் எங்கே இருக்க வேண்டும்? மகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? ஜெபத்தில் உட்கார்ந்தாலே இப்போது மனசு எங்கோ போகிறது. என் விசுவாசம் வெறும் பழக்கம்தானோ என்று பயமாக இருக்கிறது.

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகி, கே.புதூர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் அம்மா ஞாபகம்தான் வந்தது. அம்மா திருமங்கலம் பக்கத்து சி.எஸ்.ஐ. வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். அப்பா வழியில் எல்லோரும் ஆர்.சி. அதனால் எங்கள் வீட்டில் ஒரே ஜெபம் மூன்று விதமாக நடக்கும். அப்பத்தா பழைய பாடம்: "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே, உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக". கோயிலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே". அம்மாவுக்கு "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே, உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக". மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும்போது யார் என்ன சொல்கிறார்கள் என்று பிரித்துக் கேட்க முடியாது, கடைசியில் மட்டும் அம்மாவின் குரல் தனியாக நிற்கும். அந்த இரண்டு விநாடி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே நீங்கள் எதை நிறுத்தினீர்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் அந்த வரி பற்றி. அது உங்கள் அத்தைக்கு அந்நியமான வரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கவனித்துப் பாருங்கள். "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்றதும் அங்கே ஆமென் கிடையாது. சாமியார் ஒரு சின்ன ஜெபம் சொல்வார், அது முடிந்ததும் சனங்கள் எல்லோருமாகச் சேர்ந்து இதே புகழுரையைத்தான், சொற்கள் கொஞ்சம் வேறாக, சொல்கிறார்கள். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த பூசை முறையில் அது அப்படி அமைந்தது. உங்கள் அத்தை அதை வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். வீட்டில் செபமாலையில் வராததால் உங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. மத்தேயு நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இந்த வரி இல்லை. லூக்கா எழுதிய ஜெபத்திலும் இல்லை. ஆனால் ஆதிச் சபையின் போதனை நூலான திதாக்கேயில், ஏறக்குறைய முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டதில், வல்லமையும் மகிமையும் உம்முடையவை என்ற முடிவு இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று தடவை இப்படி ஜெபியுங்கள் என்றும் அதில் வருகிறது. ஆமென் சொல்லி நிறுத்தியவர்களும் சரி, இன்னும் ஒரு வரி சொன்னவர்களும் சரி, இரண்டு பேரும் பழைய ஆட்கள்தான். இதில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

மகளிடம் இதை அப்படியே சொல்லுங்கள். ஆறாவது படிக்கிற பிள்ளைக்குப் புரியும். 1606-இல் சேசு சபைச் சாமியார் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்ததையும், 1834-இல் அமெரிக்க புராட்டஸ்டன்ட் மிஷன் இங்கே வேலை தொடங்கியதையும், ஒன்று பாட்டி வீட்டு ஜெபத்துக்கும் இன்னொன்று பசுமலைத் தாத்தா வீட்டு ஜெபத்துக்கும் வழி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு வழியும் மதுரைக்குத்தான் வந்தன, அவள் அந்த இரண்டுக்கும் பேத்தி. பிள்ளைகள் குழம்புவதை நான் பார்த்ததில்லை. பெரியவர்கள் பதில் சொல்லாமல் எழுந்து போகும்போதுதான் அவர்களுக்கு ஏதோ தப்பு நடக்கிறது என்று தோன்றும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தில் அத்தை இருக்கிறார், மகள் இருக்கிறாள், அப்பா இருக்கிறார், மறைந்த அம்மா இருக்கிறார். உங்கள் வீட்டுக்காரர் ஒரு இடத்தில்கூட இல்லை. மகள் கேட்ட அன்றைக்கு அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்திருப்பார் என்று நினைக்கிறேன். எங்கள் அப்பாவும் அப்படித்தான், எந்தப் பக்கமும் பேசமாட்டார். சண்டை வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். அம்மாவுக்கு அது எத்தனை வருடத் தனிமை என்று அவர் போன பிறகுதான் எனக்கே புரிந்தது. உங்கள் கணவர் அந்த வரியை உங்களோடு சேர்ந்து ஒரு நாள் சொன்னால் போதும். அதை அவரிடம் நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

அப்புறம் ரூத். டிசம்பர் 17 அன்று ஆர்.சி. கோயில்களில் மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்ச வரலாறு வாசிக்கப்படும், பெயர் பெயராகப் போகும், பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். அதில் ரூத் வருகிறாள். மோவாப் நாட்டுப் பெண், இன்னொரு சனத்துக்கு மருமகளாக வந்தவள். "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்ற அவள் வார்த்தையைக் கல்யாண வீடுகளில் எடுத்து, மருமகள் மாறிவிட வேண்டும் என்று பிரசங்கம் செய்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், எனக்கு ஒரு தடவையும் மனசு ஒப்பவில்லை. அந்தப் புத்தகத்தைத் திறந்து படித்தால் மாமியார் நகோமி அவளை வா என்று கூப்பிடவே இல்லை, உன் தாய் வீட்டுக்குப் போ, போ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ரூத் தானாகத்தான் கூட நடந்தாள். கைம்பெண்ணாய், கையில் ஒன்றும் இல்லாமல் நின்ற ஒரு வயதான பெண்ணுக்காகச் சொன்ன வார்த்தை அது. பரீட்சை முடிந்த அன்றைக்கு ராத்திரி ரூத் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை மகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 1995-இல் இரண்டு சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பைபிள் பொது மொழிபெயர்ப்பு இருந்தால் அதில் படிக்கட்டும்.

மனசு எங்கோ போகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஊறவைத்த அரிசியும் அடுத்த நாள் கணக்குப் பரீட்சையும் அடுப்பில் பாலும் இருக்கும்போது போகத்தான் செய்யும். விடியக்காலை பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டு எழுந்து, வாசல் தெளித்து, மகளை எழுப்பி, ராத்திரி எட்டு மணிக்கு அத்தை பக்கத்தில் போய் உட்காருகிற அந்த உட்காருதலைப் பழக்கம் என்று தள்ளாதீர்கள். எங்கள் அம்மா முக்கால்வாசி நாள் தூங்கி வழிந்துகொண்டேதான் ஜெபம் சொன்னார்.

அப்பத்தாவின் கடைசி மார்கழி அது. படுத்த படுக்கை. அம்மாதான் எல்லாம் பார்த்தார், துடைத்துவிடுவது, கஞ்சி ஊட்டுவது, ராத்திரியில் இரண்டு தடவை திருப்பிப் படுக்கவைப்பது. ஜெபம் அப்பத்தா கட்டிலைச் சுற்றித்தான். அந்த வாரத்தில் ஒருநாள் ஜெபம் முடிந்து நாங்கள் நெற்றியில் சிலுவை வாங்கிக்கொள்ளக் குனிந்தபோது, அப்பத்தா கையைத் தூக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "உன்னோடதையும் சொல்லி முடி தாயி, அப்பறம் போடுறேன்" என்றது. அம்மா சொன்னார். குரல் பாதியில் உடைந்து, திரும்ப ஆரம்பித்து முடித்தார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சிலுவை.

நற்கருணை நேரத்தில் எங்கே நிற்பது, பிள்ளைக்கு எந்தச் சபை என்பதெல்லாம் உங்கள் பங்குச் சாமியாரிடமும் பசுமலை போதகர் ஐயரிடமும் நீங்களும் உங்கள் வீட்டுக்காரருமாக உட்கார்ந்து பேச வேண்டியவை. ஜனவரியில் பேசலாம், அவசரமில்லை. 24 ராத்திரி புதூரில் பூசைக்கு அத்தையோடு போங்கள். திரும்பி வந்து ஒரு இரண்டு மணி நேரம் கண் அசந்துவிட்டு, மூன்று பேருமாக அப்பாவிடம் கிளம்புங்கள். தனியாகப் போகாதீர்கள், வீட்டுக்காரரையே வண்டி ஓட்டச் சொல்லுங்கள். அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ், பக்கத்தில் இடம் காலியாக இருக்க வேண்டாம். புதூரிலிருந்து பசுமலை வரை அந்நேரத்துக்குப் பனி நன்றாக இறங்கும். மகளை நடுவில் உட்காரவைத்துக் காதை மூடி மப்ளர் கட்டிவிடுங்கள், அத்தை சுட்ட அதிரசத்தில் பத்து எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்
அண்ணன்