பேனா ஊசியை ஐஸில் வைத்தால்...

கேள்வி: அரூரில் இருக்கிறோம். அப்பாவின் சுகருக்கும் எடைக்கும் வாரம் ஒரு முறை போடும் மவுன்ஜாரோ பேனாவை டாக்டர் எழுதினார். இங்கே கிடைக்காமல் ஓசூரில் வாங்கி, ஐஸ் கட்டி நிரப்பிய டப்பாவில் பஸ்ஸில் கொண்டுவந்தோம். வந்து பார்த்தால் மருந்து உறைந்திருந்தது. இப்போது உருகித் தெளிவாக இருக்கிறது. போடலாமா? கடையில் மாற்றித் தருவார்களா?

பதில்: போடாதீர்கள். தெளிவாகத் தெரிவதை நம்ப முடியாது. ஒரு தடவை உறைந்தால் வீணானதாகத்தான் கணக்கு; உள்ளே மருந்தின் கட்டமைப்பு கெட்டிருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது.

ஐஸ் போட்டது நீங்கள் என்றால் மாற்றிக் கேட்க வழியில்லை. கடைக்காரரே ஐஸ் கட்டிமேல் நேராக வைத்துக் கட்டிக் கொடுத்திருந்தால் தவறு அவருடையது. பேட்ச் எண் உள்ள பில், அட்டைப்பெட்டி, பேனா மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். அவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை: வெயில் இல்லாத நேரத்து பஸ்ஸில் திரும்புகிற மாதிரி வாங்குங்கள். பேனாவை அதன் அட்டைப்பெட்டியிலேயே வைத்து, துண்டில் சுற்றி, அதற்கு வெளியே ஜெல் பேக். ஸ்கூட்டர் டிக்கி வேண்டாம். சித்திரை வெயிலில் அது அடுப்பு. வீட்டில் 2 முதல் 8 டிகிரி வேண்டும். சிங்கிள் டோர் பிரிட்ஜ் என்றால் ஃப்ரீசருக்கு நேர் கீழே, பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பல பேனாக்கள் உறைவது அங்கேதான்.

கேள்வி: நான்கு ஊசி போட்ட பிறகும் பேனாவில் மருந்து மிச்சம் இருக்கிறது. சிரிஞ்சில் உறிஞ்சி ஐந்தாவதாகப் போடலாமா? (கிருஷ்ணகிரி)

பதில்: இந்த விலைக்கு மனசு கேட்காது, புரிகிறது. ஆனால் அந்த மிச்சம் கணக்கோடு வைத்தது. ஒவ்வொரு முறையும் ஊசி போடும் முன் பேனாவின் பின்முனையில் உள்ள குமிழை 2 கிளிக் திருப்பி, அழுத்தி, ஊசி முனையில் ஒரு சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் கூடுதலாக அடைக்கிறார்கள். சிரிஞ்சில் எடுத்தால் அளவும் சரியாக வராது, ரப்பர் மூடி வழியே கிருமியும் போகும். முதல் ஊசி போட்டு 30 நாள் ஆனால் மிச்சத்தோடு தூக்கிப் போட வேண்டியதுதான்.

சொட்டு பார்த்த பிறகு குமிழை 1 வரை திருப்பி, தோலில் குத்தி, கடைசி வரை அழுத்தி, மெதுவாக 5 எண்ணிவிட்டு எடுங்கள். பேனாவில் எண் காட்டும் ஜன்னலில் 0 தெரிய வேண்டும். நீடிலைப் பேனாவிலேயே விட்டுவைத்தால் மருந்து கசியும், காற்று ஏறும். ஒவ்வொரு முறையும் புதுசு.

கேள்வி: ஊசி ஆரம்பித்ததிலிருந்து மதியம் நடுக்கம், வியர்வை. சர்க்கரைக்கான கிளிமிபிரைடு மாத்திரையும் சாப்பிடுகிறேன். (பாலக்கோடு)

பதில்: பசி குறைந்து பாதி களி உருண்டையோடு எழுந்துவிடுகிறீர்கள், மாத்திரை மட்டும் பழைய அளவில் இருக்கிறது. சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மாத்திரையைக் குறைப்பது பற்றி டாக்டரிடம் இன்றைக்கே பேசுங்கள். முதுகு வரை பரவும் கடுமையான வயிற்றுவலி வந்தால் அடுத்த ஊசி போடாமல் நேராக ஆஸ்பத்திரி.