விளையாட்டுப் பைத்தியமான பையனுக்கு எந்தப் புத்தகம், எந்தப் படம்?

சேலத்தில் பத்தாவது படிக்கும் மகன், எந்நேரமும் கிரிக்கெட், என்ன வாங்கித் தரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் டென்னிஸ் வீரர் ஆன்ட்ரே அகாசியின் சுயசரிதை ‘ஓப்பன்’. டென்னிஸையே வெறுத்தேன் என்கிறார் மனுஷன்! அப்பா வைத்த பந்து எந்திரத்தின் முன்னால் நின்றே வளர்ந்தவர், 1997-ல் தரவரிசையில் 141-க்குச் சரிந்து, சில்லறைப் போட்டிகளில் ஆடி, 1999-ல் மறுபடி முதலிடம் பிடித்தார். போதைப்பொருள் பற்றியும் மறைக்காமல் எழுதியிருப்பதால் பையனுக்கு முன் நீங்கள் படித்துவிடுங்கள், பிள்ளையை விரட்டும் பெற்றோருக்குத்தான் அதில் அதிகம் இருக்கிறது.

படம் என்றால் குத்துச்சண்டை பற்றிய ‘சார்பட்டா பரம்பரை’. இரண்டாம் பாதி நீளம்தான், ஆனால் சாராயத்தில் விழுந்த நாயகன் கபிலன் உடம்பைத் திரும்பத் தேற்றும் பகுதிக்காகவே பார்க்கலாம்.

அப்புறம், நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் நெட் பவுலராக, அதாவது வலைப்பயிற்சியில் பந்து போடுபவராக, ஆஸ்திரேலியா போய், அதே பயணத்தில் டெஸ்ட், ஒருநாள், டி20 என மூன்று வகை ஆட்டத்திலும் இந்திய அணியில் அறிமுகமானதைப் பையனிடம் சொல்லுங்கள்.