கையசைவால் ஒரு குரலைப் பாட வைக்க முடியுமா?

கையில் சென்சார் கட்டி, அசைவுக்கேற்பப் பாடும் குரலை உருவாக்க முடியுமா என்பது கேள்வி. முடியும். 1990களில் சிட்னி ஃபெல்ஸும் ஜெஃப்ரி ஹின்டனும் செய்த, கையசைவைப் பேச்சாக மாற்றும் குளோவ்-டாக் 2 என்ற கருவி இதற்கு நல்ல பாடம். வலது கை விரிந்திருந்தால் உயிரெழுத்து. எந்த உயிர் என்பதைக் கை நிற்கும் இடம் தீர்மானிக்கும். உயரம் சுருதி, கால் பெடல் ஒலியளவு. க, ட, ப போன்ற வெடிப்பொலிகள் மட்டும் இடது கை உறையில், தொட்டால் ஒலிக்கும் ஸ்விட்ச் போல. 'ப' வெடிப்பது சில மில்லிநொடிதான். அந்த வேகத்துக்குக் கை ஓடாது.

முதலில் உயிரெழுத்து மட்டும் போதும். இடவலம், முன்பின் என்ற இரண்டு திசைகளையும் இரண்டு ஃபார்மன்ட்டுகளோடு (ஒவ்வோர் உயிருக்கும் வாயறையில் ஓங்கி ஒலிக்கும் அதிர்வெண்கள்) இணையுங்கள். ஆண் குரலில் தோராயமாக 'ஆ' 700, 1100 ஹெர்ட்ஸ். 'ஈ' 300, 2300. 'ஊ' 300, 850.

பலர் சறுக்குவது சுருதியில். உயரத்தை நேரடியாக ஹெர்ட்ஸோடு இணைத்தால் கீழ் ஸ்தாயிச் சுரங்கள் நெருக்கியடிக்கும். ஒரு ஸ்தாயிக்கு 36 செ.மீ. என்று சம இடைவெளியாகப் பிரித்தால் அதிலுள்ள 12 அரைச்சுரங்களில் ஒவ்வொன்றுக்கும் 3 செ.மீ. கிடைக்கும். 3 மி.மீ. நடுங்கினாலும் விலகல் அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்குதான். நடுக்கத்தைச் சராசரி எடுத்து அடக்கினால் கமகமும் சேர்ந்து அமுங்கிவிடும். ஆகவே கை மெதுவாக நகரும்போது அதிகமாகவும் வேகமாக நகரும்போது குறைவாகவும் வடிகட்டுங்கள். அருகிலுள்ள சுரத்துக்கு இழுத்து ஒட்ட வைக்காதீர்கள், ஆர்மோனியம் ஆகிவிடும்!

பொறுமையும் வேண்டும். குளோவ்-டாக்கில் புரியும்படி பேசவே, பியானோ தெரிந்த ஒருவருக்கு 100 மணி நேரப் பயிற்சி தேவைப்பட்டது.