பாந்தே ஸ்ரேயில் காரைக்கால் அம்மையார்: பயணக் கேள்வி பதில்

கேள்வி: நானும் என் கணவரும் டிசம்பரில் கம்போடியா போகிறோம். அவருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. அங்கோர் கோயில்களை ஒரே நாளில் காட்டிவிடுவதாக ஏற்பாட்டாளர் சொல்கிறார். ஒரு நாள் போதுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது அம்மா. மூன்று நாளாவது ஒதுக்குங்கள். நுழைவுச்சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் பிரித்துப் பயன்படுத்தலாம். நடுவில் ஒரு நாள் அவர் காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். டிசம்பரில் மழை விட்டிருக்கும், வெயிலும் சற்றுத் தணிந்திருக்கும்.

அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில் என்பதால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் உதிக்கும். அதைப் பார்க்க விடியுமுன்பே குளக்கரையில் கூட்டம் சேர்ந்துவிடும். உதயம் முடிந்ததும் பாதிப் பேர் காலை உணவுக்கு விடுதிக்குத் திரும்புவார்கள். நீங்கள் கையில் பழமோ பிஸ்கட்டோ வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் புடைப்புச் சிற்பச் சுற்றுக்குப் போய்விடுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் கால் தானாக இடப்பக்கம் திரும்பும். அங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டும், சிற்பங்கள் அப்பிரதட்சிணமாகவே அமைந்திருக்கின்றன. முதலில் குருக்ஷேத்திரப் போர். தெற்கே திரும்பினால் கோயிலைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் படை ஊர்வலம், சொர்க்கம், நரகம். அப்புறம் கிழக்குச் சுற்றில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி. மத்துக்குப் பக்கத்தில் நீரைக் கவனியுங்கள். கடைகிற வேகத்தில் மீன்கள் துண்டு துண்டாக அறுபட்டுக் கிடக்கும். இந்தச் சுற்றுக்கே நான் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்வேன்.

மேல்தளப் படிகள் செங்குத்தானவை, அவர் ஏற வேண்டாம். நீங்கள் ஏறுவதானால் தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். பௌத்தப் புனித நாள்களில் மேல்தளத்தைத் திறக்க மாட்டார்கள், தேதி பார்த்துப் போங்கள். பாயோன் கோயிலின் கல்முகங்களையும், மரவேர் கவ்விய தா ப்ரோம் கோயிலையும் இரண்டாம் நாள் பார்க்கலாம். தா ப்ரோமில் நம் இந்தியத் தொல்லியல் துறை சீரமைப்புப் பணி செய்திருக்கிறது.

மூன்றாம் நாள் எங்கே என்பதற்கு அடுத்த பதிலையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: அங்கோர் வாட்டைக் கட்டியது தமிழ் மன்னன் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. உண்மையா?
- ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: இல்லை தம்பி. அது 12ஆம் நூற்றாண்டில் கம்போடியாவின் கெமர் இன மன்னன் விஷ்ணுவுக்காக எழுப்பிய கோயில். அந்த மக்களின் தேசியக் கொடியிலேயே அந்தக் கோயில்தான் இருக்கிறது. அவர்களுடைய உழைப்பை நம் கணக்கில் எழுதிக்கொள்வது தப்பு. உண்மையான உறவுகளே நமக்கு நிறைய இருக்கின்றன. கம்போஜ (அதாவது கம்போடிய) மன்னன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது.

அப்படிப்பட்ட உறவுகளில் என்னை உலுக்கியது பாந்தே ஸ்ரே கோயில். அங்கோரிலிருந்து வடகிழக்கே 25 கிலோமீட்டர் போல. கி.பி. 967இல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில். கட்டியவர் அரசர் இல்லை, யக்ஞவராகர் என்ற அரசகுரு. இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரத்தைக் கடைந்தது போன்ற வேலைப்பாடு. கருவறை வாசலே ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம்தான். கிழக்குக் கோபுர வாசலுக்கு மேலுள்ள முகப்பில் பத்துக் கைகளோடு சிவன் ஆடுகிறார். அவர் காலடியில், ஒரு மூலையில், வற்றித் தொங்கும் மார்போடு எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் அவளை அடையாளம் காண்கிறார்கள். திருவாலங்காட்டுப் பேயைத் தன் பதிகத்தில் அவர் எப்படிப் பாடினாரோ, அதே உருவம். கடல் தாண்டிப் போனது அந்தப் பேயுருவமும் பக்தியும்தான், படை இல்லை.

முதல் தடவை போனபோது எங்கள் குழுவுக்கு அங்கே இருபதே நிமிடம் கொடுத்தார்கள். படம் எடுத்துவிட்டு ஓடிவந்தோம். ஊர் திரும்பிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அந்த மூலையில் அவர் இருப்பது தெரிந்தது. என் பாட்டி ஆனி மாதம் காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்குக் கூட்டிப்போய்க் கதை சொன்ன அதே அம்மையார்! தலைக்கு மேலேயே இருந்தும் நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று தாளமுடியாமல் போயிற்று. இரண்டு வருடம் பணம் சேர்த்து, அவரைப் பார்க்கவென்றே மறுபடி போனேன்.

கும்பகோணம் அம்மாவுக்கும் இதைத்தான் சொல்ல வந்தேன். மூன்றாம் நாள் பாந்தே ஸ்ரேதான். தரையோடு ஒட்டிய சின்னக் கோயில், ஏறி இறங்க வேண்டிய உயரம் அதிகம் இல்லை, உங்கள் கணவரால் நிதானமாக நடக்க முடியும். கிழக்கு முகப்பில் காலை வெயில் விழும். அங்கோருக்குப் பக்கத்து நகரமான சியெம் ரீப்பிலிருந்து டுக்-டுக்கில் (நம் ஊர் ஆட்டோ மாதிரி) ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் ஆறரைக்குள் கிளம்பிவிடுங்கள். சின்ன பைனாகுலர் ஒன்று இருந்தால் எடுத்துப் போங்கள், அம்மையார் முகம் தெளிவாகத் தெரியும்.