மினசோட்டாவில் முதல் குளிர்காலம்: என்ன வாங்குவது, எப்படி வாழ்வது?

கேள்வி: கோவையில் இருக்கிறோம். என் கணவருக்கு அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரத்தில் வேலை. நவம்பர் முதல் வாரம் நானும் ஆறு வயது மகளும் அவருடன் கிளம்புகிறோம். எனக்கு எச்-4 விசா, அதாவது அங்கே வேலைக்குப் போகிறவரின் குடும்பத்துக்குத் தரும் விசா. ஊட்டிக் குளிரைத் தவிர வேறு குளிர் தெரியாது. என்ன துணி வாங்கிக்கொண்டு போவது? அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? டிசம்பர் கடைசியில் மாமியாரையும் வரவழைக்கலாம் என்று நினைக்கிறோம். சரிவருமா?

பதில்: குளிர்த் துணி வாங்க நம் ஊர்க் கடைக்குப் போகிற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஊட்டிக்கென்று நம் ஊரில் விற்கும் ஜாக்கெட் மினியாபொலிஸில் அக்டோபர் மாதத்தோடு சரி. அங்கே போய் வாங்குவதுதான் நல்லது. மினசோட்டா மாநிலத்தில் சாதாரண உடைகளுக்கு விற்பனை வரி கிடையாது. விலைச் சீட்டில் போட்டிருப்பதுதான் நீங்கள் கொடுக்கும் விலை. விமான நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேர ஆளுக்கொரு ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் போதும். பெட்டியில் மிச்சமாகும் இடத்தில் வீட்டுக்குள் போடும் பருத்தி உடைகளை வையுங்கள். வீடு முழுக்க ஹீட்டர் ஓடுவதால் உள்ளே எப்போதும் போடும் நைட்டியும் சுடிதாருமே சரியாக இருக்கும்.

புதிதாக வரும் நம் குடும்பங்களுக்கு வழிகாட்டுவதைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் முதல் வருடத்தில் உண்மையில் ஆளைச் சாய்ப்பது வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதுதான். குளிருக்குப் பொருள் இருக்கிறது, பணம் கொடுத்து வாங்கிவிடலாம். அடைந்து கிடப்பதற்கு மருந்து கடையில் கிடைக்காது. அதற்கு நவம்பரிலேயே திட்டம் வேண்டும். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

சரி, குளிர் எவ்வளவு? ஜனவரியில் மினியாபொலிஸில் சராசரியாகப் பகலில் மைனஸ் 5 டிகிரி செல்சியஸ், இரவில் மைனஸ் 13. சில நாட்கள் மைனஸ் 25-க்கும் கீழே போகும். மாநிலத்தின் வடக்கே டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2 அன்று மைனஸ் 51 பதிவானது. அதுதான் மாநிலத்தின் சாதனை. நீங்கள் இருக்கப்போகும் நகரத்தில் அந்த அளவுக்கு இருக்காது. ஒரு பருவத்தில் சராசரியாக 130 சென்டிமீட்டர் ஸ்னோ விழும். மைனஸ் 15-க்குக் கீழே போன ஒரு காலையில் கதவைத் திறந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். மூக்குக்குள் இருக்கும் முடி சட்டென்று உறைந்து ஒன்றோடொன்று ஒட்டும். வெளியே விட்டால் இளகும். பயப்பட ஒன்றும் இல்லை.

பார்க்க வேண்டிய எண் வெப்பநிலை மட்டும் இல்லை, விண்ட் சில் என்று சொல்லும் காற்றோடு சேர்ந்த குளிரும்தான். அங்கே எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு. விண்ட் சில் மைனஸ் 35 ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் மைனஸ் 37 செல்சியஸுக்கு இறங்கினால், மூடாத தோல் பத்து நிமிடத்தில் உறையத் தொடங்கும். விரலோ காதோ வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது, அடுப்பிலும் காட்டக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் வைத்து, உணர்ச்சி திரும்பாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

உடையில் மூன்று அடுக்கு. உடம்பை ஒட்டி கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல், நடுவில் ஃப்ளீஸ் அல்லது ஸ்வெட்டர், மேலே காற்றும் ஈரமும் புகாத நீளமான ஜாக்கெட். பருத்தித் தெர்மல் வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு அதுவே குளிரும். கைக்கு ஐந்து விரல் கிளவ்ஸை விட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் கதகதப்பு. பூட்ஸை ஒரு அளவு பெரிதாக எடுத்துக் கம்பளி சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். காசைச் செலவழிப்பதானால் பூட்ஸில் செலவழியுங்கள். மகளுடையதைப் பழைய பொருள் கடைகளில் வாங்கினாலும் குறையில்லை, அடுத்த வருடம் அவளுக்கு அது சேராது.

அடுத்தது வீடு. அபார்ட்மென்ட் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: வாடகையில் ஹீட்டர் செலவு அடங்குமா, காருக்கு மூடிய கராஜ் உண்டா. அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை வாடகை வீட்டில் குறைந்தது 68 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 20 செல்சியஸ், வெப்பம் கிடைக்கும்படி வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மாநிலச் சட்டம். வீடு குளிர்ந்தால் போர்வைக்குள் சுருண்டு கிடக்காதீர்கள், உரிமையோடு கேளுங்கள். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேர்ந்தால் ஒலிக்கும் அலாரம் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். அது இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். கார்ப் புகையிலும் அதே வாயு உண்டு, ஆகவே கராஜுக்குள் கதவை மூடிக்கொண்டு காரை ஸ்டார்ட் செய்து சூடாக்குவது உயிரை வாங்கும் பழக்கம்.

ஹீட்டர் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். உதடு வெடிக்கும், குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வரலாம், கதவுப் பிடியைத் தொட்டால் சுளீரென்று ஷாக் அடிக்கும். படுக்கையறைக்கு, காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் ஒன்று வாங்குங்கள். குளித்துத் துடைத்த கையோடு, தோலில் ஈரம் காயும் முன் எண்ணெயோ க்ரீமோ தடவிவிட வேண்டும். அங்கே தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாக உட்கார்ந்திருக்கும். அகல வாய் டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் கடைசியில் கேட்பது இட்லி மாவு. கிரைண்டரை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் கிரைண்டர் ஓடாது. அந்த மின்சாரத்துக்கென்றே செய்த கிரைண்டர் அமெரிக்காவில் விற்கிறது. மாவைச் சமையல் மேடையில் வைத்தால் இரண்டு நாளானாலும் கல்லாகக் கிடக்கும். உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றி, ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் போடாமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு விடுங்கள். அந்தச் சின்ன பல்பின் சூடே போதும். காலையில் மாவு மூடியை முட்டிக்கொண்டு நிற்கும். மறக்காமல் ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் யாராவது தெரியாமல் சூட்டைப் போட்டுவிடுவார்கள். தயிருக்கும் இதே இடம்தான்.

இந்திய மளிகைக் கடைகள் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நிறைய உண்டு. காய்கறிக்கு நான் சொல்லும் இடம் வேறு. பக்கத்து நகரமான செயின்ட் பாலில் ஹமாங் மக்களின் சந்தைகள் இருக்கின்றன. ஹமாங்டவுன் மார்க்கெட்ப்ளேஸ், ஹமாங் வில்லேஜ் இரண்டும் கூரைக்குள் இருப்பதால் ஜனவரியிலும் நிம்மதியாகச் சுற்றலாம். லாவோஸ் மலைகளிலிருந்து வியட்நாம் போருக்குப் பின் அகதிகளாக வந்து, இந்தக் குளிரில் வேர்விட்டவர்கள் அவர்கள். பாகற்காய், பச்சை மிளகாய், கட்டுக்கட்டாகக் கொத்தமல்லி எல்லாம் பார்த்தால் உங்களுக்கும் ஒரு தெம்பு வரும்.

கார் இல்லாமல் அங்கே காலம் தள்ளுவது கடினம். விமான நிலையத்தையும் இரண்டு நகரங்களையும் இணைக்கும் லைட் ரயில் உண்டு, ஆனால் புறநகரில் வீடு எடுத்தால் அது உதவாது. மாநிலத்தில் குடியேறிய 60 நாளுக்குள் அந்த மாநில லைசென்ஸ் எடுக்க வேண்டும். இந்திய லைசென்ஸ் இருந்தாலும் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் உண்டு. இதில் என் வேண்டுகோள் ஒன்று: கணவர் மட்டும் எடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நீங்களும் எடுங்கள். எழுத்துத் தேர்வுக்கான கையேட்டை இப்போதே படிக்கத் தொடங்கலாம். ஓட்டும் தேர்வில் இரண்டு காருக்கு நடுவே பக்கவாட்டில் நிறுத்துவது போன்ற பார்க்கிங்கும் வரும், பயிற்சி இல்லாமல் போகாதீர்கள்.

தெருவில் கார் நிறுத்துகிறவர்கள் தெரிந்தே ஆகவேண்டிய சொல் ஸ்னோ எமர்ஜென்சி. கனமாக ஸ்னோ விழுந்ததும் மினியாபொலிஸ் நகராட்சி இதை அறிவிக்கும். முதல் நாள் இரவு 9 மணியிலிருந்து மறுநாள் காலை 8 வரை முக்கியச் சாலைகளின் இரு பக்கமும் நிறுத்தக் கூடாது. இரண்டாம் நாள் காலை 8 முதல் இரவு 8 வரை மற்றத் தெருக்களில் இரட்டைப்படை எண் வீடுகள் இருக்கும் பக்கம், மூன்றாம் நாள் அதே நேரம் ஒற்றைப்படைப் பக்கம் காலியாக இருக்க வேண்டும். செயின்ட் பாலில் விதி வேறு. அசந்தால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், மீட்டு வருவதற்குள் ஒரு நாளும் நல்ல தொகையும் போய்விடும். நகராட்சியின் எச்சரிக்கைக் குறுஞ்செய்திக்கு வீடு மாறிய அன்றே பதிவு செய்யுங்கள். காருக்குள் ஒரு போர்வை, டார்ச், சின்ன மண்வாரி, பேட்டரி ஜம்பர் கேபிள் எப்போதும் இருக்கட்டும். ஸ்னோவில் சிக்கிக்கொண்டால் புகைக்குழாயை மூடியிருக்கும் ஸ்னோவை அகற்றிய பிறகே இன்ஜினை ஓட விட வேண்டும்.

மகளைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். குழந்தைகள்தான் முதலில் ஒட்டிக்கொள்வார்கள். தடுப்பூசி அட்டையை ஆங்கிலத்தில், தேதிகளோடு டாக்டர் கையெழுத்துடன் வாங்கிக் கைப்பையில் வையுங்கள். பெட்டிக்குள் போட வேண்டாம். பெரும்பாலான பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசம், 2023-ல் வந்த சட்டம் அது. சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்காலத்திலும் இடைவேளைக்குக் குழந்தைகளை வெளியே விடுவார்கள், குளிர் மிகக் கடுமையானால்தான் உள்ளே வைத்துக்கொள்வார்கள். ஆகவே ஸ்னோ பேன்ட், பூட்ஸ், மிட்டன் எல்லாம் தினமும் பைக்குள் போக வேண்டும், எல்லாவற்றிலும் பெயர் எழுதியிருக்க வேண்டும். காரில் குழந்தை இருக்கையில் உட்கார வைக்கும்போது மட்டும் தடிமனான ஜாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். பஞ்சு நசுங்கினால் பெல்ட் தளர்ந்து குழந்தையைப் பிடிக்காது. பெல்ட்டைப் போட்ட பிறகு ஜாக்கெட்டை மேலே போர்த்திவிடலாம்.

இப்போது உங்களைப் பற்றி. டிசம்பர் மூன்றாம் வாரம் சூரியன் காலை 7.50-க்கு எழுந்து மாலை 4.35-க்கெல்லாம் மறைந்துவிடும். கணவர் அலுவலகம், மகள் பள்ளி. எச்-4 விசாவில் பெரும்பாலோர் உடனே வேலைக்குப் போக முடியாது. மத்தியானம் மூன்று மணிக்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு மனித முகம் தெரியாது. இதைத் தாங்க முடியாமல் அழுதுகொண்டு தொலைபேசியில் பேசிய பெண்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் யாரும் பலவீனமானவர்கள் இல்லை. ஒரு நாள் போகவில்லை, மறுநாள் போகவில்லை என்று நாட்கள் சேர்ந்து கதவே திறக்காத பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் மைனஸ் 10 செல்சியஸ் ஆனாலும் மதியம் வெளிச்சம் இருக்கும்போது பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். விண்ட் சில் ஆபத்தாக இருக்கும் நாளில் மட்டும் விட்டுவிடலாம். வாரத்தில் ஒரு நாள் நூலகம். மினியாபொலிஸ் அடங்கிய மாவட்டமான ஹென்னபின் கவுன்டியின் நூலகங்களில் கட்டணம் கிடையாது, குழந்தைகளுக்குக் கதை நேரமும் நடத்துவார்கள். இன்னொரு நாள் செயின்ட் பாலில் உள்ள கோமோ பூங்காவின் கண்ணாடி மாளிகை. உள்ளே கால் வைத்ததும் மூக்குக் கண்ணாடி பனித்துப்போகும். ஈர மண் வாசனை, தலைக்கு மேல் பாம் மரங்கள், பெரணிகள், நம் ஊர் வெக்கை. நுழைவுக் கட்டணம் கிடையாது, விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். பிப்ரவரியில் அந்தப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்தால் வாரம் ஓடிவிடும். மினசோட்டா தமிழ்ச் சங்கம் இருக்கிறது, தமிழ்ப் பள்ளியும் நடக்கிறது. புறநகரான மேப்பிள் குரோவில் பெரிய கோயில் இருக்கிறது. பொங்கல் வரட்டும் என்று காத்திருக்காமல் நவம்பரிலேயே போய் முகம் காட்டுங்கள். வைட்டமின் டி அளவையும் டாக்டரிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர்கால வெயிலில் அது கிடைக்காது, நம் நிறத்துக்கு இன்னும் குறைவு.

அக்கம்பக்கத்தார் மரியாதையானவர்கள், ஆனால் வீட்டுக்குள் அழைக்க நாளாகும். அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்னோ விழுந்த காலையில் உங்கள் வாசலில் கிடக்கும் ஸ்னோவையும் சேர்த்து யாராவது தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். கண்டுபிடித்து ஒரு டப்பா முறுக்கு கொடுங்கள், பேச்சு தானாக வளரும்.

மாமியாரை டிசம்பரில் வரவழைக்க வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் படிந்திருக்கும். அந்த வயதில் ஒரு முறை சறுக்கினால் இடுப்பு எலும்புதான். மே கடைசியில் வரச் சொல்லுங்கள். ஜூனில் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருக்கும், ஏரிக்கரையில் நடக்கலாம், தொட்டியில் கத்திரியும் வெண்டையும் போடலாம். டிக்கெட் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால், செருப்புக்கடியில் மாட்டும் முள்பட்டையும் நல்ல மருத்துவக் காப்பீடும் வாங்கி வையுங்கள். காலை நடைக்கு மால் ஆஃப் அமெரிக்கா என்ற பெரிய வணிக வளாகத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே உள்ளூர்ப் பெரியவர்களும் நடக்க வருவார்கள்.

எந்த மாதம் வந்தாலும் அவரிடம் ஒன்றை முன்பே சொல்லி வையுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஊர் முழுக்கச் சைரன் அலறும். டொர்னாடோ என்னும் சுழல்காற்று எச்சரிக்கைக்கான சைரன் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. தனியாக வீட்டில் இருக்கும்போது திடீரென்று கேட்டால் பதறிப்போவார். காலண்டரில் வட்டம் போட்டு வைத்தால் போதும். வேறு நேரத்தில், அதுவும் கோடையில் அலறினால் சோதனை என்று இருந்துவிடாமல் ஜன்னலை விட்டு விலகி அடித்தளத்துக்கு இறங்கிவிட வேண்டும்.