இரவுச் சோற்றை அறவே நிறுத்தினால்தான் எடை குறையுமா?

கிளிநொச்சியிலிருந்து கேட்டிருக்கும் உங்களுக்கு என் பதில், அது தேவையில்லை என்பதே. உடல் நாளாந்தம் செலவிடுவதைவிட ஏறத்தாழ 500 கலோரி குறைவாக உண்டால், வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் எடை குறையத் தொடங்கும். ஒரு கிராம் மாச்சத்தில் 4 கலோரி இருக்க, கொழுப்பில் 9 கலோரி இருப்பதால், முதலில் குறைக்க வேண்டியவை பொரியலுக்கு ஊற்றும் எண்ணெயும், கறிக்கும் சொதிக்கும் விடும் தேங்காய் முதற்பாலும், அவற்றோடு தேநீருக்குப் போடும் சீனியுமே. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயே ஏறத்தாழ 120 கலோரி. சோற்றைத் தட்டின் கால்பங்காகச் சுருக்கி, குளத்து மீன் குழம்பையும் முருங்கையிலை வறையையும் கூட்டிக்கொண்டால் பசி அடங்கும், தசை இழப்பும் குறையும். வயல் வேலை செய்யும் நாளில் பட்டினி கிடப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும் என்பதால், உணவைக் குறைக்குமுன் கிளினிக் மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.